ஓட்டுத்துண்டில் கங்குன், வளையத்தொட்டியில் மீன்: வன்னி வளவொன்றில் செய்த அக்குவாபோனிக்ஸ்

வன்னியில் வீட்டுத்தோட்டம் செய்கிறவர்களுக்கு ஆடி, ஆவணி மாதங்கள்தான் பெரிய சோதனை. சோழகக் காற்று மண்ணின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு போய்விடும். கிணற்றில் தண்ணீர் அடிக்கு இறங்கிவிடும். குளிக்க, சமைக்க, மாட்டுக்குக் கொடுக்க என்று அள்ளிய பிறகு கீரைப் பாத்திக்கு ஊற்ற மனம் வராது. கிளிநொச்சிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வளவில் இப்போது அந்த மாதங்களிலும் கங்குனும் பொன்னாங்காணியும் வெட்டுகிறோம். அதற்கு நாங்கள் ஊற்றுவது நாளுக்கு இரண்டு மூன்று வாளித் தண்ணீர்தான். அதே தண்ணீரில் சமையலுக்கு மீனும் வளர்கிறது.

அக்குவாபோனிக்ஸ் என்றால் விளக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. மீன் தொட்டித் தண்ணீரைச் சல்லி நிரப்பிய பாத்திக்கு ஏற்றுகிறோம். அங்கே மீனின் கழிவைப் பற்றீரியாக்கள் எருவாக்க, செடி தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. மிச்சத் தண்ணீர் வடிந்து திரும்பத் தொட்டிக்கே வருகிறது. மண்ணுக்குள் இறங்கிப் போகும் தண்ணீர் இல்லை. ஆவியாகிப் போவதையும் செடி குடிப்பதையும் மட்டும் ஈடுசெய்தால் போதும்.

இணையத்தில் இதைப் பற்றிப் பார்க்கக் கிடைப்பதெல்லாம் எந்நேரமும் மின்சாரம் இருக்கும் ஊர்களுக்கு உரியவை. தொட்டி நிறைய மீன், ராத்திரி பகலாக ஓடும் மோட்டர், பெட்டியில் வாங்கும் தீவனம், தண்ணீரைச் சோதிக்கப் பத்துவிதக் குப்பி. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்தால் ஒரு நீண்ட மின்வெட்டில் எல்லா மீனும் மிதக்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாங்கள் யாரும் மறக்கவில்லை. ஆகவே நான் எதற்கும் முதல் கேட்டுக்கொண்ட கேள்வி இதுதான்: மோட்டர் ஒரு நாள் முழுக்க நின்றாலும் மீன் சாகாமல் இருக்க எத்தனை மீன் விடலாம்? தொட்டியின் அளவு, பாத்தியின் அளவு, தீவனம் எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகு வந்தவை.

தொட்டிக்கு நாங்கள் எடுத்தது கிணற்றுக்கு இறக்கும் கொங்கிறீட் வளையம். ஆயிரம் லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி வாங்குவதைவிட இது மலிவாக வந்தது. வார்க்கிறவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள், வெடித்தால் பூசவும் ஆள் உண்டு. நாலடி விட்டமுள்ள வளையங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, அடிக்குச் சீமெந்துத் தளம் போட்டு, இணைப்பைப் பூசி எடுத்தோம். இரண்டரை அடிக்குத் தண்ணீர் விட்டால் ஏறக்குறைய 890 லீற்றர் பிடிக்கும். விளிம்பு நிலத்திலிருந்து உயரமாக இருப்பது முக்கியம். மாரியில் வளவுக்குள் வெள்ளம் வந்தாலும் உள்ளே ஏறாது, தவழும் பிள்ளையும் எட்டி விழாது. அப்படியிருந்தும் மேலே வலைச் சட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால் அதற்குப் பூட்டும் போடுங்கள்.

புதுச் சீமெந்தில் உடனே மீன் விடக்கூடாது. அதிலிருந்து இறங்கும் சுண்ணாம்பு தண்ணீரின் காரத்தன்மையைத் தூக்கிவிடும். தண்ணீர் நிரப்பி, சில நாள் விட்டு, இறைத்து, திரும்ப நிரப்பி என்று இரண்டு மூன்று கிழமை போகவேண்டும். ஊரில் செய்வதுபோல வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்தும் எடுத்தோம். இறைத்த தண்ணீர் தென்னம்பிள்ளைகளுக்குப் போனது.

பாத்திக்கு நீலப் பரல். இருநூறு லீற்றர் பரலை நெடுக்காக இரண்டாகப் பிளந்தால் பாதி ஒவ்வொன்றும் ஓரடிக்குக் கிட்ட ஆழம் வரும். வேருக்கு அது போதும். இரண்டு பரல், நாலு பாத்தி, கூட்டிப் பார்த்தால் இரண்டு சதுர மீற்றர் பரப்பு. பரல் வாங்கும்போது உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். வினாகிரி, பழரசம், எண்ணெய் இருந்ததென்றால் கழுவி எடுக்கலாம். கேட்டதற்குப் பதில் தெளிவாக வராவிட்டாலோ, முகர்ந்து பார்க்கும்போது மருந்து நெடி அடித்தாலோ வேண்டாம். விலை குறைவென்று பார்க்காதீர்கள், அந்தத் தண்ணீரில் வளர்ந்த கீரையைத்தான் பிள்ளைகள் சாப்பிடப் போகிறார்கள்.

தண்ணீரும் கல்லும் சேர்ந்தால் ஒரு பாதிப் பரல் நூற்றைம்பது கிலோவுக்குக் கிட்டப் பாரம் வரும். சாதாரணப் பலகை தாங்காது, கறையானும் விடாது. சீமெந்துக் கல் அடுக்கி, அதன்மேல் வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை போட்டோம்.

பரலுக்குள் நிரப்பிய பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கடைகளில் சொல்லும் சுட்ட களிமண் உருண்டை இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் எங்கள் கைக்கு எட்டாத விலை. ஆனால் வன்னியில் உடைந்த ஓட்டுக்கு ஒருநாளும் பஞ்சமில்லை. மீள்குடியேறி வந்தபோது எங்கள் பழைய வீட்டின் சுவர் பாதிதான் நின்றது, கூரை ஓடு முழுக்க முற்றத்தில் கிடந்தது. அந்த ஓட்டைப் பல வருடமாக வேலிக்கரையில் குவித்து வைத்திருந்தோம். அம்மாவுக்கு அதை எறிய மனமில்லை. அதுவும் சுட்ட களிமண்தான். பாரம் குறைவு, உடலெல்லாம் நுண்ணிய துளை. நாங்கள் நம்பியிருக்கும் பற்றீரியாக்கள் குடியிருக்க இதைவிட நல்ல இடம் இல்லை. சுத்தியலால் முக்கால் அங்குலம், ஓரங்குலத் துண்டாக உடைத்து, தூசு போகும்வரை கழுவி நிரப்பினோம். அடியில் மட்டும் நாலு விரல் உயரத்துக்குக் கருங்கல் சல்லி.

ஓடு பொறுக்கும்போது இரண்டு விடயம். சாந்து ஒட்டியிருந்தால் தட்டிக் கழற்றிவிடுங்கள், அதில் சுண்ணாம்பு இருக்கிறது. எந்தக் கல்லையும் போடமுதல் கொஞ்சம் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், பாத்திக்கு ஆகாது. கடற்கரைப் பக்கச் சல்லியில் சிப்பித் துண்டு இருக்கும், அதுவும் ஆகாது. மற்றது, ஆளில்லாத பாழடைந்த வளவுகளுக்குள் ஓடு தேடிப் போகாதீர்கள். மண்ணுக்குள்ளிருந்து தெரியாத இரும்பு எதுவும் தலைகாட்டினால் அது போரில் வெடிக்காமல் கிடக்கும் பொருளாக இருக்கலாம், தொடாமல் விலகி வந்து அறிவியுங்கள். எங்கள் ஊருக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தான் வேண்டும்.

மோட்டர் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருக்கும் லீற்றர் கணக்கு உயரமே இல்லாமல் தள்ளும்போது வருவது. நாலடி மேலே ஏற்றினால் பாதியளவுக்குக் குறைந்துவிடும். எங்கள் தொட்டிக்கு மணித்தியாலத்துக்குத் தொள்ளாயிரம் லீற்றர் பாத்திக்குப் போய்ச் சேரவேண்டும் என்றால், பெட்டியில் அதைப்போல இரண்டு மடங்கு எழுதியிருப்பதை வாங்கவேண்டும். 40 வாட் மோட்டர் பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 0.48 யூனிற், மாதத்துக்குப் பதினான்கரை யூனிற்றுக்குக் கிட்ட. மின்சாரப் பட்டியலில் அது தெரியும், ஆனால் தாங்கமுடியாத அளவில்லை. தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மின்சாரம் கசிந்தால் தானே வெட்டிவிடும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் இதைத் தொடங்கவே வேண்டாம். தொட்டிக்குள் கை வைக்கமுதல் பிளக்கைக் கழற்றிவிடவேண்டும். இதில் எங்கள் வீட்டில் யாருக்கும் விலக்கு இல்லை.

பாத்தியிலிருந்து தண்ணீரை இறக்கப் பலரும் மணி சைபன் பற்றிச் சொல்வார்கள், பாத்தி நிரம்பியதும் தண்ணீரைத் தானே உறிஞ்சி இறக்கும் குழாய் அமைப்பு அது. பார்க்க அழகான வேலைதான். ஆனால் அது சரியாக வேலை செய்யத் தண்ணீர் ஒரே வேகத்தில் வரவேண்டும். எங்கள் பக்கம் பின்னேரத்தில் மின்னழுத்தம் இறங்கினால் மோட்டரும் சோர்ந்துவிடும். சைபன் தொடங்காமல் நிற்கும், அல்லது தொடங்கியது நிற்காமல் ஓடும். இதைவிடச் சுலபமானது ஒன்று உண்டு. பாத்தியின் நடுவில் ஓரங்குலக் குழாயை நிமிர்த்தி வைத்து, அதன் மேல்வாய் கல்லின் மேற்பரப்புக்கு இரண்டங்குலம் கீழே இருக்கும்படி வெட்டுங்கள். குழாயின் அடியில் பென்சில் மொத்தத்தில் ஒரு துளை போடுங்கள். மோட்டர் ஓடும்போது தண்ணீர் துளையால் போவதைவிட வேகமாக வந்து நிரம்பும், மிஞ்சினால் மேல்வாயால் வழியும். மோட்டர் நின்றதும் துளையால் மெல்ல வடிந்து, வேருக்குக் காற்றுப் போகும். மோட்டரைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டுப் பதினைந்து நிமிடம் நிறுத்தச் சுவரில் செருகும் சின்ன டைமர் போதும். நிமிர்ந்த குழாயைச் சுற்றி நாலங்குலக் குழாய் ஒன்றைத் துளையிட்டு வைத்தால் கல்லும் வேரும் உள்ளே வராது. கங்குன் வேர் எங்கும் நுழையும், மாதத்துக்கு ஒருதடவை கையை விட்டுப் பார்க்கவேண்டும்.

மேலே இரண்டங்குலம் எப்போதும் காய்ந்தபடி இருப்பதால் பாத்தியில் பாசி பிடிக்காது, நுளம்பும் முட்டையிடாது. தொட்டிக்குள் விழும் நுளம்புக் குடம்பிகளை மீன் தின்றுவிடும். டெங்குச் சோதனைக்கு வந்தவர்களுக்கும் இதைக் காட்டித்தான் விளங்கப்படுத்தினேன்.

இனி மீன். திலாப்பியா 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இரணைமடு, அக்கராயன், முத்தையன்கட்டு என்று எந்தக் குளத்துக்குப் போனாலும் வலையில் அதுதான் கூட விழுகிறது. சூட்டையும் குறைந்த ஒட்சிசனையும் தாங்கும், தவிடும் தின்னும், எங்கள் ஆட்களுக்குச் சாப்பிட்டுப் பழக்கமும் உண்டு. ஆனால் குளத்தில் வலைபோட்டுப் பிடித்த மீனைத் தொட்டிக்குள் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை. செதில் கழன்று காயப்பட்டிருக்கும், நோயையும் கொண்டுவரும். ஒட்சிசன் அடைத்த பையில் குஞ்சாக வாங்குவதே நல்லது. பையைத் திறக்காமல் கால் மணித்தியாலம் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து விடவேண்டும்.

எத்தனை குஞ்சு? ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் கணக்குப்படி இலைக்கறிக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் போதும். எங்கள் இரண்டு சதுர மீற்றருக்கு 80 முதல் 100 கிராம். ஓரளவு வளர்ந்த மீன் தன் நிறையில் இரண்டு மூன்று வீதத்தை நாளுக்குத் தின்னும் என்று வைத்தால், நாலு கிலோ மீன் இருந்தாலே பாத்திக்குத் தேவையான எருக் கிடைத்துவிடும். அதாவது 160 கிராம் அளவில் இருபத்தைந்து மீன். ஆயிரம் லீற்றருக்கு 10 முதல் 20 கிலோ வரை வளர்க்கலாம் என்கிறார்கள். மின்சாரம் நிச்சயமுள்ள இடத்தில் அது சரி. எங்களுக்கு நாலு கிலோவே நியாயம். பக்கத்து வளவு அண்ணை வந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு பெரிய தொட்டிக்குள்ள இந்தக் கொஞ்ச மீனோ தங்கச்சி?” என்று கேட்டார். “அண்ணை, கரண்ட் நிண்டாலும் இதுகள் மூச்சு விடவேணுமெல்லோ” என்றேன். வயல்காரர் அவர், தண்ணீரின் அருமை தெரிந்தவர். அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மின்சாரம் நின்றால் நாங்கள் செய்வது இரண்டே வேலை. தீவனத்தை உடனே நிறுத்துகிறோம். ஒரு வாளியால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து தொட்டிக்குள்ளேயே ஊற்றுகிறோம், நாலைந்து வாளியைப் பாத்திகளுக்கும் ஊற்றுகிறோம். பகலில் மணித்தியாலத்துக்கு ஒருதடவை போதும். கவனமாக இருக்கவேண்டிய நேரம் விடியப்புறம். சூடான தண்ணீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு, இரவு முழுக்க மீனும் பாசியும் பற்றீரியாவும் சுவாசித்து அதை இன்னும் குறைத்திருக்கும். விடியும்போது மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காற்றுப் போதவில்லை என்று அர்த்தம். தொட்டிக்கு மேல் கிடுகுப் பந்தல் போட்டால் தண்ணீர் சூடேறுவது நன்றாகக் குறையும். வசதி உள்ளவர்கள் சின்னச் சோலர் தகடும் பற்றரியும் 12 வோல்ட் காற்று மோட்டரும் வைக்கலாம், மிகவும் உதவும்.

தொடங்கும்போது அதிகம் பொறுமை வேண்டியது பற்றீரியாவுக்கு. மீன் செவுள் வழியாக வெளியேற்றும் அமோனியா மீனுக்கே நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொருவகை அதை நைத்திரேற்றாக மாற்றும், அதுதான் செடிக்கு உணவு. இந்த இரண்டு கூட்டமும் ஓட்டுத்துண்டில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரைக்கும் நாலைந்து குஞ்சு மட்டும், ஒரு சிட்டிகைத் தீவனம் மட்டும். மாட்டெருவைக் கரைத்து ஊற்றினால் சீக்கிரம் வரும் என்று சிலர் சொல்வார்கள். பச்சையாகச் சாப்பிடும் இலைக்குள் நோய்க்கிருமி வரும், செய்யாதீர்கள். நல்ல நிலையிலுள்ள மீன் தொட்டி யாரிடமாவது இருந்தால் அதன் வடிகட்டிப் பஞ்சைக் கேட்டு வாங்கிப் பாத்திக்குள் பிழிந்துவிடுங்கள். வேலை விரைவாகும்.

எங்கள் தண்ணீரில் இன்னொரு சிக்கல் உண்டு. கேத்தலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும் ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் காரப்பக்கம் நிற்கும், பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, ஏழு நடு) எட்டுக்குக் கிட்ட. அங்கே அமோனியாவின் நஞ்சும் கூடும். சூடான தண்ணீரில் பி.எச். ஏழிலிருந்து எட்டுக்குப் போனால் நஞ்சுள்ள பகுதி ஏறத்தாழப் பத்து மடங்காகும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலப்பதே நாங்கள் கண்ட நல்ல வழி. முழுக்க மழைத்தண்ணீராக விடவேண்டாம், அதில் பி.எச். நிலையாக நிற்காது. குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக இரண்டு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

காரத் தண்ணீரில் செடிக்கு இரும்புச் சத்தும் கிடைக்காது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் காரணம். துருப்பிடித்த ஆணியைப் போடுவதில் பயனில்லை, இந்தத் தண்ணீரில் அது கரையாது. விவசாய மருந்துக் கடையில் இரும்புக் கீலேற் (தண்ணீரில் கரைந்தே நிற்கும் இரும்பு உரம்) கேட்டு வாங்கலாம். லீற்றருக்கு இரண்டு மில்லிகிராம் இரும்பு என்பது அளவு. ஆறு வீத இரும்புள்ள தூளென்றால் எங்கள் தொட்டிக்கு ஒருமுறைக்கு முப்பது கிராம். இலை திரும்ப மஞ்சளானால் மட்டும் அடுத்தமுறை.

தீவனத்தைக் கடையில் வாங்கினால் கட்டுப்படியாகாது. நாலு பங்கு அரிசித்தவிடு, இரண்டு பங்கு தேங்காய்ப் புண்ணாக்கு, இரண்டு பங்கு எள்ளுப் புண்ணாக்கு, இரண்டு பங்கு காய்ந்த சின்னமீன் தூள். சேர்த்துப் பார்த்தால் புரதம் 28 வீதத்துக்குக் கிட்ட வரும், திலாப்பியாவுக்கு அது போதும். அவித்த மரவள்ளிக் கிழங்கை மசித்து அதில் பிசைந்து, இடியப்ப உரலில் பிழிந்து, வெயிலில் காயவைத்து உடைத்து எடுக்கிறோம். மீன்தூள் உப்புப் போடாததாக இருக்கவேண்டும். சாப்பாட்டுக் கருவாட்டை இடித்துப் போட்டால் உப்பு தொட்டிக்குள் சேர்ந்துகொண்டே போய்க் கீரையைக் கருக்கும். இந்தத் தீவனம் மிதக்காது, ஆகவே ஒரு தட்டைக் கயிற்றில் இறக்கி அதில் போட்டு, கால் மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிடவேண்டும். இதோடு மீனுக்குப் போட அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடியும் வளர்க்கிறோம்.

கங்குன்தான் எல்லாவற்றிலும் முந்தி வந்தது. பொன்னாங்காணி, வல்லாரை, புதினா, பசளி எல்லாம் நன்றாக நிற்கின்றன. கத்தரியும் மிளகாயும் முதல் வருடத்தில் இலை நிறைய விட்டுக் காய் குறைவாகத்தான் தந்தன. பொற்றாசியம் சேரச் சேரத்தான் காய்க்கும். பூச்சிக்கு எந்த மருந்தும் அடிக்க முடியாது என்பதை முதலே ஏற்றுக்கொள்ளவேண்டும். வேப்பெண்ணெயும் மீனைக் கொல்லும், செப்புக் கலந்த பூஞ்சண மருந்து அதைவிட மோசம். புழுவைக் கையால் பொறுக்கி மீனுக்கே போடுகிறோம். அசுகுணியைத் தண்ணீர் விசிறிக் கழுவுகிறோம். பக்கத்து வயலில் மருந்து அடிக்கும் நாளில் தறப்பாளால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறோம், அண்ணையும் முதல்நாளே சொல்லிவிடுவார். கொக்குக்கும் மீன்கொத்திக்கும் பழைய மீன்வலை கட்டலாம், ஆனால் இறுக்கிக் கட்டுங்கள். தொய்ந்து கிடந்தால் பாம்பு சிக்கும்.

இவ்வளவு செலவழிக்க இயலாதவர்களுக்கு ஒரு பரலே போதும். குறுக்காக வெட்டி, அடி மூன்றில் இரண்டை மீனுக்கு வையுங்கள். மேல் மூன்றில் ஒன்றைக் கவிழ்த்து ஓட்டுத்துண்டு நிரப்பி அதன்மேல் வைத்து, அடியில் வடிதுளை போடுங்கள். மோட்டர் வேண்டாம், காலை, மத்தியானம், பின்னேரம் சில வாளி அள்ளி ஊற்றினால் சரி. அதில் மூன்று நாலு மீனுக்குமேல் விடவேண்டாம். குசினிக்குத் தேவையான கங்குன் அதிலேயே வரும். தொடங்க நல்ல காலம் தை மாதம். மழைத்தண்ணீர் கையில் இருக்கும், வெயிலும் ஏறியிராது, மாசி முடிய முன்னம் பற்றீரியா பிடித்துவிடும். சோழகம் தொடங்கும்போது பாத்தி தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும்.